அலைய விடாதவர்

எங்கள் வாசகர் வட்டம் பெரம்பலூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. கரும்பலகையில் முந்தைய நாள் முக்கோணவியல் அழிக்கப்படாமல் இருக்கும். பெஞ்சுகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முழங்காலுக்குச் செய்தவை. எங்கள் முழங்கால்கள் ஓய்வூதியம் வாங்குபவை. இருந்தாலும் விடாமல் கூடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள்.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும், அதை எழுப்ப யாரைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு இந்த அறிவுக்கு மதிப்பு இருக்காது என்று நினைத்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்கு முன்பே பக்கத்து இலைக்காரர் தன் சர்வே எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்.

ஒரு மாதம் வட்டத்தில் ‘மறக்க முடியாத வில்லன்கள்’ என்று தலைப்பு வைத்தோம். ஒவ்வொருவரும் தான் படித்ததில் பயந்த வில்லனைப் பற்றிப் பேச வேண்டும். நான் சிறுவயதில் ஒரு தொடர்கதையில் படித்தவனைச் சொன்னேன். அவன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவுகளை எண்ணுவான். கத்தி எடுக்க மாட்டான், மிரட்ட மாட்டான். எண்ணிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போவான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் கதவுகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஓட்டு வீடு, முன்கதவு, பின்கதவு, அவ்வளவுதான். இவ்வளவு குறைவாக வைத்துக் கட்டிய அப்பாவின் மேல் கோபமாக வந்தது.

ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“வில்லன்னா சிரிக்கணும் சார். சிரிச்சா கூரையில ஓடு சரியணும்.”

“அதெல்லாம் பழசுங்க,” என்றார் மருந்துக்கடைக்காரர். “இப்பல்லாம் வில்லன் ஜிம்முக்குப் போறான், இங்கிலீஷ்ல பேசறான்.”

“நீங்க சொல்ற ரெண்டு பேரப் பாத்தாலும் எனக்குக் கொட்டாவிதான் வரும்,” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “வில்லன்னு போர்டு மாட்டிக்கிட்டு வர்றவன்கிட்ட என்னங்க பயம்? கதவச் சாத்திக்கிட்டாப் போச்சு.”

அது என் மனைவியின் தங்கை. கல்லங்குறிச்சிக்காரி. வட்டத்துக்காக அரியலூர் வந்து பஸ் ஏறி வருபவள். மர்ம நாவல்களைக் கடலை கொறிப்பதுபோல் படிப்பாள். குற்றவாளி யார் என்று இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாள், தப்பியதில்லை. கண்டக்டர் தான் படிக்கும் புத்தகத்தின் அட்டையைக்கூட அவளிடம் காட்டுவதில்லை. “டிக்கெட் வாங்கின ஒடனே எறக்கி வுட்டுடுது சார் இந்தம்மா,” என்பார்.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டு அருகே போண்டா தின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். அவள் கணவர் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு வீடும், ஜெயங்கொண்டம் போகும் வழியில் ஒரு முந்திரிக் காடும் அவளுக்கு மிச்சம். முந்திரிதான் சோறு. அந்தப் பக்கம் சிமெண்டு ஆலைச் சுண்ணாம்புக்கல்லுக்காக நிலம் கேட்டு ஆட்கள் வந்துபோகத் தொடங்கியிருந்தார்கள்.

“பெரிய மாமா பேருக்குப் பவர் எழுதிக் குடுக்கப் போறேன் அத்தான். பெருமாள் தேரு முடிஞ்சதும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போறோம்.”

பெரிய மாமா என்பது அவள் கணவரின் அண்ணன். பக்கத்து வீடு.

“எதுக்கு பவர்?”

“பட்டா மாத்த வேணாமா? ஒத்தப் பொம்பள தாலுகா ஆபீஸுக்கும் வூட்டுக்கும் எத்தினி தடவ நடப்பேன்? அலைய வுடாமப் பாத்துக்கறேன்றாரு.”

‘அலைய விடாமல்’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் உள்ள மதிப்பு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சோறு போட்டவனை நல்லவன் என்போம். ஆபீஸுக்கு அலைய விடாதவனைக் கும்பிடுவோம். பெண் கொடுக்கும்போதுகூட “கலெக்டர் ஆபீஸ்ல ஆளு இருக்கு, எதுக்கும் அலைய வேண்டியதில்ல” என்பதைத் தனி நகையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அலைய விடாதவர் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அதில் கையெழுத்துப் போடுவது மரியாதை. படித்துப் பார்ப்பது அவமானம்.

நான் எடுத்துச் சொன்னேன். பட்டா மாற்றப் பவர் தேவையில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பம், பிறகு விசாரணை, அவ்வளவுதான். ஆனால் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்தால் அவர் உன் வீட்டையும் காட்டையும் கிரயம் பேசலாம், விற்கலாம், தொகையை வாங்கலாம், உன்னைக் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பிரிவு வாரியாகச் சொன்னேன்.

அவள் போண்டாவைக் கீழே வைத்தாள்.

“அத்தான், உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாத்திருக்கீங்களா? வில்லன் வேஷத்துக்கு ஆளு தேடுனா உங்களத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போவாங்க. அவரு எப்பிடிப்பட்டவருன்னு எனக்குத் தெரியும். நான் பஸ்ஸுக்கு நின்னா கொடயோட வந்து நிப்பாரு.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் கவலை இருந்தது. ஆனால் கோபம் என்மேல்தான் வந்தது.

“நீங்க சொன்னா யாரு கேப்பா? புத்தி சொன்னா மெமோ குடுக்கற மாதிரியே இருக்கு.”

“அந்த ஆளு…”

“அந்த ஆளு என்ன பண்ணிட்டாரு? சொல்லுங்க, ஒண்ணு சொல்லுங்க.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. குடி கிடையாது. கோயில் திருவிழாவில் பந்தி முடியும்வரை பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுவார். என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும்; சந்தேகத்தை எந்தக் கோப்பிலும் வைக்க முடியாது.

ஆனால் நான் விடுவதாக இல்லை. புத்தி சொன்னால் கேட்காதவள் கதை என்றால் படிப்பாள். ஒரு கதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் எழுதியதில் வில்லன் மீசையைத் தடவினான். “உன் நிலம் எனக்குத்தான்” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டான். மனைவி படித்துவிட்டு, “இவன் நம்ம பஸ் ஸ்டாண்டுல பிக்பாக்கெட் அடிக்கிறவன்கூட இல்ல. அவன்கூடத் தனியாப் பேசிக்க மாட்டான்,” என்று திருப்பிக் கொடுத்தாள். கிழித்துப் போட்டேன். அடுத்ததில் மீசையை எடுத்துவிட்டுக் குளிர்ந்த கண்களை வைத்தேன். “மீனு கடையில பாத்தீங்களா இந்தக் கண்ண?” என்றாள். அதையும் கிழித்தேன்.

பிறகுதான் எனக்குத் தெரிந்த வேலையின் வழியில் போனேன். அலுவலகக் குறிப்பில் யாரையும் திருடன் என்று எழுதக் கூடாது. ‘மேற்படி நபர் மேற்படி அறைக்கு வந்தார். அதன் பின் மேற்படி பொருள் அங்கே காணப்படவில்லை’ என்று எழுத வேண்டும். நடந்தது நடந்த வரிசையில் இருந்தால் போதும். படிக்கும் அதிகாரிக்குத் தானாக வேர்க்கும். அந்த முறையில், ஒரு கெட்ட சொல்கூட இல்லாமல் எழுதினேன்.

கதையில் ஒரு விதவை, அவள் கணவனின் சித்தப்பா. அவர் காலையில் பால் வாங்கி வந்து கொடுக்கிறார். ரேஷன் கடைக்கு அவளுக்குப் பதிலாக அவரே போகிறார். வங்கிப் புத்தகம் தொலைந்துவிடக் கூடாதே என்று அவரே பத்திரப்படுத்துகிறார். யாராவது போன் செய்தால், பாவம் தூங்குகிறாள், என்னிடம் சொல்லுங்கள் என்கிறார். ஒவ்வொரு வேலையாக அவள் கையிலிருந்து அன்போடு வாங்கிக்கொள்கிறார். கடைசியில் அவள் ஒரு நாள் வாசலுக்கு வருகிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. வெளியே போக அவளுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

மனைவி படித்து முடித்தாள். எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ் போட்டு வந்தாள். பகல் பதினொரு மணி. எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைக்காது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வாசித்தேன். முடித்ததும் கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார்.

“கதை நல்லாருக்கு சார். வில்லன் எப்ப வர்றான்?”

“அந்தச் சித்தப்பா மாதிரி ஒருத்தர் கெடைச்சா என் மாமியாருக்கு அனுப்பி வைப்பேன்,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

எல்லாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். தீர்ப்பு அங்கிருந்துதான் வர வேண்டும்.

“வில்லன் யாருன்னு எனக்கு ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சிடுச்சு,” என்றாள் என் கொழுந்தியாள்.

“யாரும்மா?”

“எழுதினவரு.”

மாடியே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. படியில் இறங்கும்போது என்னை நிறுத்தினாள்.

“எனக்குப் புரியாதுன்னு நெனைச்சீங்களா? எங்க வூட்டுக்காரரு போனப்ப எல்லாக் காரியத்துக்கும் வாசல்ல நின்னவரு பெரிய மாமா. நீங்க சாப்பாட்டுக்குக்கூட இருக்காம பஸ் ஏறிட்டீங்க. நல்லது பண்ற மனுசன எழுத்துல போட்டு அசிங்கப்படுத்தறதுக்கு எப்பிடி அத்தான் மனசு வருது?”

சொல்லிவிட்டுப் போய் அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கதை வேலை செய்துவிட்டது. யாரை அடையாளம் காண வேண்டுமோ அவரை அவள் சரியாகவே அடையாளம் கண்டாள். அதனால்தான் என்னை மன்னிக்கவில்லை.

அதன்பின் அக்காவின் போனைக்கூட எடுக்கவில்லை. கல்லங்குறிச்சியில் பெருமாள் தேர் ஓடி முடிந்தது. அதுவரை நான் தினமும் அந்தத் தேரை மனதுக்குள் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ். அத்தான அனுப்பு. ஒரு சாட்சி நம்ம பக்கத்து ஆளா இருக்கட்டும்னு பெரிய மாமாவே சொல்லிட்டாரு.”

என்னையே சாட்சியாக்குவது! நாளைக்கு யார் என்ன கேட்டாலும், அந்தப் பெண்ணின் அக்கா வீட்டுக்காரர், விவரம் தெரிந்த அதிகாரி, அவரே பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். நான் இத்தனை யோசித்து எழுதிய சித்தப்பாவுக்கு இது தோன்றவில்லை.

“போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி. “ஆனா அங்க வாயத் தொறந்து ஒரு செக்சன் சொன்னீங்கன்னா வூட்டுக்கு வராதீங்க.”

“பின்ன நான் எதுக்குப் போறது?”

“அவ படிக்கிறவ. படிக்க வைங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க.”

மறுநாள் அரியலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு முன்பே அவர்கள் இருந்தார்கள். பெரிய மாமா என்கிற பெரியவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

“வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மோரு சாப்பிடறீங்களா?”

அவளைக் காற்றாடிக்குக் கீழே உட்கார வைத்திருந்தார். கையில் தண்ணீர் பாட்டில் கொடுத்திருந்தார். மூடியைத் திருகித் தளர்த்தியே கொடுத்திருந்தார். அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பத்திர எழுத்தர் தாள்களை அடுக்கி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். அவள் பேனாவைத் திறந்தாள்.

“நான் படிக்காமச் சாட்சி போடறதில்ல,” என்றேன்.

சட்டப்படி சாட்சி பத்திரத்தைப் படிக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் போதும். இது எனக்குத் தெரியும், பத்திர எழுத்தருக்கும் தெரியும். ஆனால் முப்பது ஆண்டு ஆபீஸ் குரலில் சொன்னேன். பத்திர எழுத்தர் என் முகத்தைப் பார்த்தார். அந்த வில்லன் முகம் அன்றைக்கு ஒருமுறை பயன்பட்டது. தாள்களை என் பக்கம் தள்ளினார்.

“தாராளமாப் படிங்க சார்,” என்றார் பெரியவர். “விவரம் தெரிஞ்சவங்க பாத்துட்டா நமக்கும் நல்லதுதான்.”

நான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன். பத்திரத் தமிழுக்கு முற்றுப்புள்ளி பிடிக்காது, மூச்சு வாங்கியது. இரண்டாவது வரியில் தடுமாறியபோது அவள் முகம் சுளித்தாள். எதையும் மோசமாக வாசிப்பதை அவளால் பொறுக்க முடியாது.

“குடுங்க அத்தான் இப்பிடி. தண்டோரா போடற மாதிரி.”

பிடுங்கி, அவளே படித்தாள். வட்டத்தில் கதை வாசிக்கும் அதே குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற வேண்டிய இடத்தில் ஏறி. மேற்படி சொத்துகளைத் தாங்களே அனுபவித்தும், கிரயம் பேசியும், அட்வான்ஸ் பெற்றும், விற்றும், அடமானம் வைத்தும், தொகையைத் தாங்களே பெற்றுக்கொண்டும்… பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் தாங்களே, தாங்களே.

“எதுக்கும்மா தொண்டைய வரட்டிக்கிற? எல்லாப் பவர்லயும் வழக்கமா எழுதறதுதான்,” என்றார் பெரியவர் இதமாக.

அவள் கடைசிப் பக்கம்வரை போனாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். பாதியில் விட்ட கதாபாத்திரத்தைத் தேடும்போது இப்படித்தான் தாள்களைப் புரட்டுவாள்.

“பெரிய மாமா, மொதப் பாராவுல என் பேரு வருது. அதுக்கப்புறம் எல்லாம் நீங்கதான் பண்றீங்க. இதுல நான் எங்க இருக்கேன்?”

பெரியவர் சிரித்தார். ஓடு சரியும் சிரிப்பல்ல. குழந்தை ஏதோ கேட்டுவிட்டதுபோல, வாஞ்சையான சிரிப்பு.

“நீ எதுக்கும்மா இருக்கணும்? அதான் நான் இருக்கேனே.”

பத்திர எழுத்தர் ஒரு கணம் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் வாழ்நாளில் படித்த அத்தனை வில்லன்களும் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அந்தப் பதிலில் மிரட்டல் இல்லை, பொய்கூட இல்லை. அவர் அதை முழு அன்போடு சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அதனால்தான் பயந்தேன்.

அவள் பேனாவை மூடினாள். தாள்களை ஓரம் தட்டி அடுக்கி மேசைமேல் வைத்தாள்.

“இன்னிக்கு வேணாம் மாமா.”

“சரிம்மா. வெள்ளிக்கெழம வச்சிக்கலாமா?”

“வெள்ளிக்கெழமயும் வேணாம்,” என்றாள். “எனக்கு வேணும்னா நானே வந்து கேக்கறேன்.”

அவர் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் எங்கள் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். “உன் இஷ்டம்மா. வெயில்ல நிக்காத, ஆட்டோ பிடிச்சுத் தரேன்,” என்று வாசலுக்குப் போனார்.

“பஸ்ல போயிக்கறேன்,” என்றாள். அவர் காதில் விழாததுபோல் ஆட்டோவை நிறுத்தினார். அவள் அந்த ஆட்டோவைத் தாண்டி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டு வரை அதே வேகத்தில் நடந்தாள். வந்ததும், “ஜெயிச்சிட்டேன்னு நெனைச்சிக்காதீங்க அத்தான். உங்க கதை அவ்வளவு ஒண்ணும் நல்லால்ல,” என்றாள். “அந்தப் பொம்பள ஒரு கேள்விகூடக் கேக்கல. அது எப்பிடி?”

பட்டா மாற்றத்துக்கு நான் கூட வருகிறேன் என்றேன். யாரைப் பார்க்க வேண்டும், எந்த நேரம் போக வேண்டும் என்று தொடங்கினேன்.

“நீங்க வந்து முடிச்சுக் குடுத்தா அதுவும் இதேதான,” என்றாள். “வழி மட்டும் சொல்லுங்க. நான் அலையறேன்.”

அலைகிறாள். வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுபடி போனாள், கணவரின் ஆதாரில் இனிஷியல் இடம் மாறியிருக்கிறது என்றார்கள். அதைச் சரிசெய்ய வேறொரு வரிசை. ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்படும்போதும் எனக்குப் போன் செய்து, நான் உழைத்த துறையை என் முன்னோர்களோடு சேர்த்து வாழ்த்துகிறாள். நான் ஒவ்வொன்றுக்கும் அடுத்த படி எது என்று மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் பேச அனுமதி இல்லை.

பெரியவர் இப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். காலையில் பாலோடு வருகிறார். இவள், “நானே வாங்கிக்கறேன் மாமா” என்கிறாள். “சரிம்மா” என்று போகிறார். மறுநாள் மறுபடி பாலோடு வருகிறார். யாரிடமும் அவளைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஊரில் எல்லாரும் அவரைத்தான் பாவம் என்கிறார்கள். அவர் கெட்டவரா என்று கேட்டால், என்னிடம் சான்று இல்லை. கதையில் என்றால் கடைசி அத்தியாயத்தில் தெரிந்துவிடும்.

போன வாரம் தாலுகா ஆபீஸ் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

“சர்வர் வேல செய்யலயாம் அத்தான். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“நாளைக்கு நான் வேணும்னா ஒரு போன்…”

“வேணாம். நாளைக்கும் வரேன், அதுக்கு மறுநாளும் வரேன். அவங்களா நானான்னு பாத்துடலாம். வச்சிடுங்க, பஸ் வந்துடிச்சு.”